வழியில் பெரிய புத்தர் எதிர்ப்பட்டால்: கடலூர், பாண்டி ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவை மையமாக வைத்து ஒரு பயணக் கோஷ்டி உண்டு. பாதிப் பேர் கடலூர், பாதிப் பேர் பாண்டி. சங்கமும் இல்லை, ரசீதும் இல்லை. மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் சீட்டு மாதிரி போட்டு வைப்போம், சேர்ந்த பணத்துக்கு எந்த ஊர் தாங்குமோ அந்த ஊர். இலங்கைக்கு மூன்று முறை போயிருக்கிறோம். பினாங்கு, பேங்காக், ஹாங்காங் ஒவ்வொரு முறை. ஜப்பானுக்கு ஒரே ஒரு முறை, அதுவும் நான்கு வருடச் சீட்டில். எதைப் பார்க்கக் கிளம்பினாலும், வேன் ஏதோ ஒரு வளைவில் திரும்பும்போது மரங்களுக்கு மேலே ஒரு பெரிய முகம் எழுந்துவிடும். அப்போது வேனுக்குள் கிளம்பும் கேள்விகள் பத்து வருடமாக ஏறக்குறைய அதே கேள்விகள்தான். நோட்டில் குறித்து வைத்ததை இங்கே எழுதிவிட்டேன். அடுத்த முறை என் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்.

எவ்வளவு பெரிசு? மீட்டர் வேணாம், நம்ம ஊர்க் கணக்குல சொல்லுங்க.

சரி. பாண்டியிலிருந்து திண்டிவனம் போகிற வழியில் பஞ்சவடி ஆஞ்சநேயர் இருக்கிறாரே, அவர் 36 அடி. ஜப்பானில் காமகுரா புத்தர், பீடத்தை விட்டுவிட்டால், கிட்டத்தட்ட அவர் உயரம்தான். ஆனால் ஆஞ்சநேயர் நிற்கிறார், காமகுராக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று எங்கள் கோஷ்டியில் ஒரு பையன் கேட்டான். அன்று முழுக்க எல்லோரும் அதையே பேசிக்கொண்டு வந்தோம்.

திருவண்ணாமலை ராஜகோபுரம் 217 அடி. சீனாவில் சிச்சுவான் மாநிலத்தில் லெஷான் என்ற ஊரில் மலையைக் குடைந்து செய்த புத்தர் 71 மீட்டர், அதாவது சுமார் 233 அடி. நம் ராஜகோபுரத்தைவிட ஏறக்குறைய மூன்றாள் உயரம் கூட, அதுவும் உட்கார்ந்தபடி! கன்னியாகுமரி வள்ளுவர் பீடத்தோடு சேர்த்து 133 அடி. ஹாங்காங் லாந்தாவ் தீவில் இருப்பவர் 34 மீட்டர், வள்ளுவரைவிடச் சின்னவர். ஜப்பானில் உஷிகு என்ற இடத்தில் 1993-ல் முடித்த நின்ற புத்தர் பீடத்தோடு 120 மீட்டர். உள்ளே லிப்ட் வைத்திருக்கிறார்கள், 85 மீட்டர் உயரத்தில் ஜன்னல் வழியாக ஊரைப் பார்க்கலாம். சீனாவின் ஹெனான் மாநிலத்தில் 2008-ல் எழுப்பியவர் 128 மீட்டர்.

இதற்கு மேல் எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். சிலைக்கு எதிரே போய் நின்றதும் எல்லாம் மறந்துவிடும்.

எங்க நின்னு பார்க்கணும்?

எல்லோரும் செய்கிற தப்பு, வேனை விட்டு இறங்கியதும் நேரே காலடிக்கு ஓடுவது. அங்கே நின்று நிமிர்ந்தால் தெரிவது முகவாயும் மூக்குத் துவாரமும்தான். சிலையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் முதலில் நில்லுங்கள். முப்பது மீட்டர் சிலைக்கு அறுபது மீட்டர். அங்கிருந்துதான் முகம் முகமாகத் தெரியும், கழுத்தும் வலிக்காது. பிறகு மெதுவாக நடந்து கிட்டே போங்கள். கண் பாதி மூடியிருப்பது முதலில் புலப்படும், அப்புறம் காது மடல், அப்புறம் விரல், கடைசியாகப் பாதம். இந்த நடை பத்து நிமிடம் எடுத்தால் அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு செலவழித்து வந்திருக்கிறீர்கள்.

செய்தவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. காமகுராவில் பக்கவாட்டில் போய்ப் பாருங்கள். தலை கொஞ்சம் பெரிசு, உடம்பு லேசாக முன்னால் குனிந்திருக்கும். கீழே நிற்பவன் கண்ணுக்கு அது சரியான அளவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. நம் கோபுரத்து மேல் நிலைச் சுதைகளிலும் இதே வித்தையைப் பார்க்கலாம்.

லெஷானுக்குப் போகிறவர்கள் ஒரு முறை படகில் போங்கள். மூன்று ஆறுகள் சேரும் இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார், நடு ஆற்றிலிருந்துதான் முழு உருவமும் கண்ணுக்கு அடங்கும்.

சிலையைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. இது சாதாரணமா?

சாதாரணம்தான். ரொம்பப் பெரிய உருவங்களைக் கண்டு பயப்படும் சுபாவம் சிலருக்கு உண்டு. எங்கள் கூட வந்த ஒரு அக்கா, கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், மீன் ஏலத்தில் குரல் கொடுப்பவர், எதற்கும் அசையாதவர், ஹாங்காங்கில் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். “மேகம் நகருது, அவரு சாயிற மாதிரி இருக்குப்பா” என்றார். அவர் சொன்னது சரிதான். நிமிர்ந்து பார்க்கும்போது பின்னால் மேகம் ஓடினால் சிலை நம் மேல் விழுவது போலவே இருக்கும். தரையைப் பாருங்கள், தண்ணீர் குடியுங்கள், பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த அக்கா கடைசி வரை மேலே ஏறவில்லை. கீழேயிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வேனுக்குப் பக்கத்தில் நின்ற மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். லாந்தாவ் தீவில் மாடுகள் நம் ஊர் போலவே ரோட்டில் திரியும்.

படி எத்தனை? முட்டி வலி இருக்கு.

ஹாங்காங்கில் 268. திருவந்திபுரத்தில் ஔஷதகிரி மேல் ஹயக்ரீவரைப் பார்க்க 74 படி ஏறுகிறோமே, அதைப் போல மூன்றரை மடங்கு. அங்கே மூச்சு வாங்காதவர்கள் தைரியமாக ஏறலாம். லெஷானில் பாறையை ஒட்டிய குறுகலான படி வழியாகப் பாதம் வரை இறங்க வேண்டும், விடுமுறை நாளில் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். காமகுரா, பேங்காக் இரண்டிலும் சமதரை.

படுத்திருக்காரே, தூங்குறாரா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் இலங்கையின் பொலன்னறுவையைத்தான் காட்டுவேன். கல் விகாரை. 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு காலத்தில் ஒரே பாறை முகத்தில் செதுக்கியது. படுத்த உருவம் 46 அடி நீளம். வலப்பக்கமாகச் சாய்ந்து, வலது உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்திருக்கிறார். பாதத்தைப் பாருங்கள். இரண்டு பாதமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சமமாக இருந்தால் ஓய்வு. மேல் பாதம் சற்றே பின்வாங்கியிருந்தால் உயிர் பிரிந்துவிட்டது, பரிநிர்வாணம். இங்கே இடது பாதம் நூலளவு உள்ளே போயிருக்கிறது. அவ்வளவுதான் அடையாளம். ஒரு மரணத்தை இவ்வளவு மெல்லச் சொன்ன கல்லை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பாதத்தோடு திரும்பிவிடாதீர்கள், தலைமாட்டுக்கும் போங்கள். தலைக்கடியில் உருளைத் தலையணை, அதுவும் அதே பாறைதான். தலை அழுந்திய இடத்தில் தலையணை குழிந்திருக்கிறது. கருங்கல் பஞ்சு போல அமுங்கியிருக்கும் அந்தக் குழிவை முதலில் கண்டுபிடித்தது எங்கள் கோஷ்டியில் மஞ்சக்குப்பத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அண்ணன். “இலவம்பஞ்சு, புதுசு. பழைய பஞ்சுன்னா இப்படி ஒரே சீராக் குழியாது” என்றார். வழிகாட்டி சொல்ல மறந்ததை அவர் சொன்னார்.

பேங்காக் வாட் போவில் படுத்திருப்பவர் 46 மீட்டர். மீட்டர், அடியல்ல. அவர் உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். பின்புறம் சுவரோரமாக 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும், சில்லறையை ஒவ்வொன்றிலும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். மண்டபம் முழுக்க அந்தக் கிணிங் கிணிங் சத்தம் ஓயாது.

கை ஒவ்வொரு இடத்துல ஒவ்வொரு மாதிரி இருக்கே?

மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தால் தியானம். வலது கை முழங்காலைத் தாண்டித் தரையைத் தொட்டால், பூமியைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார், ஞானம் பெற்ற நேரம் அது. உள்ளங்கை நம்மை நோக்கி நிமிர்ந்திருந்தால் அபயம், நடராஜரிடம் பார்த்ததேதான். இரண்டு கையும் மார்புக்கு முன்னால் வட்டம் போட்டால் பாடம் நடத்துகிறார். இந்த நான்கு போதும், நூற்றுக்குத் தொண்ணூறு சிலையைப் படித்துவிடலாம்.

தொப்பையோட சிரிக்கிறவரும் அவர்தானா?

இல்லவே இல்லை. அவர் பூதாய் என்ற சீனத் துறவி. சுமார் பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் என்பார்கள். இனி வரப்போகும் மைத்ரேய புத்தரின் அவதாரமாக அவரைக் கொண்டாடுகிறார்கள். கல்லாப்பெட்டி மேல் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். யாராவது வாங்கிக் கொடுத்தால்தான் அதிர்ஷ்டம் என்பது கடைக்காரருக்குத்தான் அதிர்ஷ்டம்.

பினாங்குல பார்த்தது பொம்பளை உருவம். அதையும் புத்தர்னு சொல்லலாமா?

கேக் லோக் சி கோயிலில் 30 மீட்டர் வெண்கலத்தில் நிற்பது குவான் யின். புத்தர் அல்ல, போதிசத்துவர், அதாவது புத்தராகும் வழியில் இருப்பவர். இந்தியாவில் அவலோகிதேசுவரர் என்று ஆணாக இருந்தவர் சீனாவுக்குப் போய்க் கருணைத் தாயாக மாறிவிட்டார்.

இதில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் ஒரு தமிழ் இலக்கணம். அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்று அது சொல்கிறது. சிவபெருமானிடம் என்று நாம் பள்ளியில் படித்த கதைக்குப் பௌத்தர்கள் வைத்திருந்த மறுபக்கம். ஆக, பினாங்கு மலைமேல் குடுவையோடு நிற்கும் அந்த அம்மா, ஒரு கணக்கில் அகத்தியருக்கு வாத்தியார். இதை நான் அங்கே சொன்னதும், கூட வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். சீனக் குடும்பம் ஒன்று பதறிப்போய்த் தூக்கிவிட வந்தது.

என்ன உடுத்தணும்?

தோளும் முட்டியும் மூடியிருந்தால் போதும். புடவை, சுடிதார், வேட்டி எல்லாம் சரி. இலங்கையில் வெள்ளை உடுத்தினால் ஊர்க்காரர்கள் கூடுதல் மரியாதையோடு பார்க்கிறார்கள். அங்கே செருப்பையும் தொப்பியையும் வாசலிலேயே கழற்ற வேண்டும். நண்பகல் வெயிலில் கல் தரையில் வெறுங்காலோடு நடப்பது பங்குனி வெயிலில் நம் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவது மாதிரிதான். ஒரு ஜோடி தடித்த சாக்ஸ் எடுத்துப் போங்கள். அவுக்கணவில் நாங்கள் பன்னிரண்டு மணிக்குப் போய், நாற்பதடிப் புத்தரை ஒற்றைக் காலில் மாறி மாறிக் குதித்தபடி தரிசித்தோம். அவர் கிழக்கு நோக்கி நிற்பவர், விடியற்காலையில் போயிருக்க வேண்டும். அவர் மூக்கு நுனியிலிருந்து விழும் மழைத்துளி நேரே இரண்டு பாதங்களுக்கு நடுவில் விழும் என்பார்கள். சோதிக்க மழை வரவில்லை, வந்திருந்தால் காலாவது ஆறியிருக்கும்.

செல்ஃபி எடுத்தா என்ன தப்பு?

படம் எடுக்கலாம். சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. இலங்கையில் இதை ரொம்பக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். எங்கள் கோஷ்டியில் புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று தோளோடு தோள் சேர்ந்து நின்றதும் காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தார், எடுத்த படத்தை அழிக்கும்வரை நகரவில்லை. மாப்பிள்ளைக்குக் கோபம். நான் கேட்டேன், “பாடலீசுவரர் சன்னதியில லிங்கத்துக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பியா தம்பி?” அடங்கிவிட்டார். பக்கவாட்டில் நின்று, சிலையை நோக்கித் திரும்பி எடுத்துக்கொண்டால் ஒரு தொல்லையும் இல்லை.

உடம்பில் புத்தரைப் பச்சை குத்தியிருந்தால் மூடிக்கொள்ளுங்கள். 2014-ல் கையில் புத்தர் பச்சை இருந்ததற்காக பிரிட்டனிலிருந்து வந்த பயணி ஒருவரை இலங்கை திருப்பி அனுப்பியது. பிறகு 2017-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு தரச் சொன்னது உண்மைதான். ஆனால் உங்கள் லீவு மூன்று வருடம் காத்திருக்காது.

தாய்லாந்தில் உட்காரும்போது பாதத்தைச் சிலைப் பக்கம் நீட்டக் கூடாது, காலை மடக்கிப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது, பொருளை நேராகக் கையில் கொடுக்கவும் கூடாது.

கும்பிடலாமா? கற்பூரம், தேங்காய்?

கற்பூரமும் தேங்காயும் வீட்டிலேயே இருக்கட்டும். பூ வாங்கி வையுங்கள். இலங்கையில் தாமரை, அல்லி, நாகலிங்கப் பூ தட்டுகளில் அடுக்கி விற்பார்கள். சாமிக்கு வைக்கும் பூவை மோந்து பார்க்கக் கூடாது என்ற நம் வழக்கம் அங்கேயும் அப்படியே. வலமாகச் சுற்றுங்கள்.

கும்பிடுவது அவரவர் மனசு. எங்களோடு பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பாய் குடும்பம் வருவார்கள். அவர் கும்பிட மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நிதானமாக, எங்களில் பலரைவிட நேரம் எடுத்துப் பார்ப்பார். யாரும் அவரை ஒன்றும் கேட்டதில்லை.

இவ்வளவு பெரிசை எப்படித்தான் செஞ்சாங்க?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை. லெஷானில் ஹைதோங் என்ற துறவி 713-ல் தொடங்கினார். ஆறுகள் கலக்கும் இடத்தில் படகுகள் கவிழ்ந்துகொண்டே இருந்தன, புத்தர் உட்கார்ந்தால் வெள்ளம் அடங்கும் என்று நம்பினார். அவர் காலத்தில் முடியவில்லை, 803-ல்தான் முடிந்தது. வெட்டிப்போட்ட பாறைத்துண்டுகள் ஆற்றில் விழுந்து நீரோட்டமே தணிந்தது என்கிறார்கள். நம்பிக்கை பலித்தது, வழிதான் வேறு. சுருள் முடிகளுக்கு இடையிலும் காதுகளுக்குப் பின்னாலும் மழைநீர் வடியக் கண்ணுக்குத் தெரியாத கால்வாய்கள் வெட்டியிருக்கிறார்கள். மணற்கல் ஆயிரத்து இருநூறு வருடம் தாங்கியதில் அந்த வடிகாலுக்குப் பெரிய பங்கு உண்டு. மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் நிற்கும் கடலூர்க்காரர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

நாராவில் தோதாய்ஜி கோயிலின் 15 மீட்டர் வெண்கலப் புத்தரைக் கீழிருந்து மேலாக எட்டுக் கட்டங்களாக வார்த்தார்கள். 752-ல் கண் திறப்பு. தூரிகை பிடித்துக் கண் திறந்தவர் போதிசேனர், இந்தியத் துறவி. தூரிகையில் நீளமான கயிறுகள் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், எல்லோரும் சேர்ந்து கண் திறந்ததாகக் கணக்கு. தேர் வடம் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். இலங்கையில் இன்றும் கண் எழுதும் கலைஞர் சிலையை நேரே பார்ப்பதில்லை, முதுகைக் காட்டி நின்று கண்ணாடியில் பார்த்தபடி எழுதுவார். நம் ஸ்தபதிகள் பொன்னூசி எடுக்கும் நேரத்தில் திரை போடுவதும் இதே கூச்சத்தால்தான்.

காமகுராக்காரரின் வயிற்றுக்குள் போகலாம். சின்னக் கட்டணம், குறுகலான படி. 1252-ல் வார்க்கத் தொடங்கியது, எடை 121 டன். உள்ளே இருட்டு. கண் பழகியதும் வார்ப்புத் துண்டுகள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு சேர்ந்த தையல் தெரியும், பெரிய பாத்திரத்துக்கு ஒட்டுப்போட்டது போல. சுவரில் கை வைத்தால் வெயில் ஏறிய பக்கம் சுடும், மறுபக்கம் குளிரும். ஒரு காலத்தில் அவருக்கு மேல் மண்டபம் இருந்தது. 1498-ல் சுனாமி அடித்துக்கொண்டு போய்விட்டது, அதன்பிறகு வெயிலிலும் மழையிலும்தான் இருக்கிறார். எங்கள் கோஷ்டியில் 2004 டிசம்பர் 26-ஐ தேவனாம்பட்டினத்தில் பார்த்தவர்கள் இரண்டு பேர். இதைச் சொன்னதும் அவர்கள் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், அந்தப் பக்கம் திரும்பிச் சற்று நேரம் நின்றார்கள்.

நம் ஆள் செய்தது ஹைதராபாத்தில் இருக்கிறது. ஹுசைன் சாகர் ஏரி நடுவில் ஒரே கருங்கல்லில் 58 அடிப் புத்தர். செதுக்கியது எஸ்.எம்.கணபதி ஸ்தபதி. வள்ளுவர் சிலை செய்த வை.கணபதி ஸ்தபதி வேறு, வேனில் இரண்டு தரம் சண்டையே வந்திருக்கிறது. 1990-ல் மிதவையில் ஏற்றிக் கொண்டுபோகும்போது சிலை சரிந்து ஏரிக்குள் போனது, கூடப் போனவர்கள் பலர் இறந்தார்கள். இரண்டரை வருடத்துக்கு மேல் தண்ணீருக்கடியில் கிடந்து, 1992 டிசம்பரில்தான் பீடமேறினார். படகில் கூட்டிப்போகிறவர்கள் உயரத்தைச் சொல்வார்கள், இதைச் சொல்வதில்லை.

இலங்கையில புத்தரைப் பார்க்கிறப்போ நமக்கு ஒரு மாதிரி இருக்காதா?

இருக்கும். மறைத்துப் பேச வேண்டியதில்லை. பொலன்னறுவையில் கைகூப்பி நின்ற அதே பயணத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் சாப்பிட்டோம். தமிழர் ஊர்களில் புதிது புதிதாக எழும் விகாரைகளையும் சிலைகளையும் பற்றி அந்த வீட்டு ஐயா பேசியபோது நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. முல்லைத்தீவில் குருந்தூர்மலை மேல் விகாரை எழுப்பிய விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அங்கே சிலை என்றால் நிலம், யாருடைய ஊர் என்ற கேள்வி. என் கருத்தைக் கேட்டால், கல்லில் அந்தத் தலையணைக் குழிவைச் செதுக்கியவன் வேறு, இன்று வேலி போடுகிறவன் வேறு. ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைத் தத்துவமாகப் பேசாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

நம்ம கடற்கரையில மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல?

இருந்தது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே ராஜராஜன் விட்டுக்கொடுத்தான். அந்தச் செப்பேடு பிறகு நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. விகாரத்தின் கடைசிக் கோபுரம் 1867-ல் இடிக்கப்பட்டது. அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த வெண்கலப் புத்தர்கள் முந்நூற்றுக்கு மேல், அவற்றில் சிலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். உச்சந்தலையில் சுடர் போல ஒரு கொழுந்து இருந்தால் அது நாகப்பட்டினத்து முகம். கையகல உருவங்கள்தான். நூறடிச் சிலையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு ஒரு முறை போய் அவற்றைப் பாருங்கள், உயரத்தின் மேல் இருக்கும் மயக்கம் கொஞ்சம் தெளியும்.

பாண்டிக்காரர்களுக்கு அரிக்கமேடு பக்கத்திலேயே இருக்கிறது. 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டி ரோமானிய வணிகத்தை வெளிக்கொண்டுவந்த இடம். அங்கே இருந்த ஒரு சமண அருகன் சிலையால் அருகன்மேடு என்று பெயர் வந்து, அரிக்கமேடாகத் திரிந்தது என்பது ஒரு விளக்கம். ஆற்றங்கரை அரித்த மேடு என்பது இன்னொன்று.

அருகனா, புத்தரா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கடலூர்க்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஊர் சமண ஊர். திருப்பாதிரிப்புலியூர் அன்றைய பாடலிபுரம். லோகவிபாகம் என்ற சமண நூல் 458-ல் எழுதி முடிக்கப்பட்ட பாடலிகை இதுதான் என்பார்கள். அப்பர் சமணராகி, தருமசேனர் என்ற பெயரில் இருந்த மடமும் இங்கேதான். கல்லைக் கட்டிக் கடலில் போட்ட கதை தெரியுமே, அவர் கரையேறிய இடத்துக்கு இன்றும் கரையேறவிட்டகுப்பம் என்றுதான் பெயர்.

அடையாளம் எளிது. இடது தோளிலிருந்து மார்பின் குறுக்கே ஆடையின் விளிம்புக்கோடு ஓடினால் புத்தர். ஆடையே இல்லாமல், தலைக்கு மேல் முக்குடை, அதாவது மூன்றடுக்குக் குடை, இருந்தால் அருகன், சமணத் தீர்த்தங்கரர். வயலில் கிடக்கும் தேய்ந்த சிலையில் கோடு தெரியாது, விரலால் தடவிப் பாருங்கள், தட்டுப்படும்.

மகள் பாரிஸ்ல இருக்கா. அங்க ஏதாவது?

பாண்டியில் வீட்டுக்கு ஒருவர் பிரான்ஸில் இருப்பதால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். வின்சென் காட்டுக்குள் ஏரிக்கரையில் ஒரு பகோடா இருக்கிறது, 1931 காலனியக் கண்காட்சிக்காகக் கட்டிய மண்டபம். உள்ளே பொன் பூசிய புத்தர், ஒன்பது மீட்டருக்கு மேல். எந்த நாளில் திறந்திருக்கும் என்று விசாரித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

ஒரு சிலை வாங்கிட்டு வரலாமா?

தாய்லாந்திலிருந்து புத்தர் சிலையை வெளியே எடுத்துவர அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். கழுத்தில் போடும் சின்னத் தாயத்துக்கு வேண்டாம். கடைக்காரர் “ஒன்றும் ஆகாது” என்பார். விமான நிலையத்தில் அவர் கூட நிற்க மாட்டார்.

எப்போ கிளம்பலாம்?

இலங்கைக்குப் பௌர்ணமி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், போயா என்பார்கள். அன்று அரசு விடுமுறை, விகாரை எல்லாம் வெள்ளை உடுப்புக் கூட்டம், விளக்கு வரிசை. பார்க்க அழகு, ஆனால் மதுவும் இறைச்சியும் கடையில் கிடைக்காது. பாண்டி ஆட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது என் கடமை.

சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. மழைக்காலத்தில் நின்றுவிடும், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பாஸ்போர்ட்டே இல்லைங்க.

விருத்தாசலம், சின்னசேலம் வழியாகச் சேலம் பக்கம் போங்கள். தலைவாசலுக்கு அருகே தியாகனூர். ஊருக்குள் ஒரு புத்தர், வயல் பக்கம் ஒருவர், இருவரும் அமர்ந்த நிலை. பெரியவர் எட்டடி இருப்பார், தமிழ்நாட்டுக் கணக்கில் அது பெரிசுதான். இன்னும் கொஞ்சம் போனால் சேலத்தில் தலைவெட்டி முனியப்பன். பல தலைமுறையாக முனியப்பனாகப் பொங்கல் வாங்கிய சிலை புத்தர்தான் என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

தியாகனூருக்கு நாங்கள் போனது ஒரு புரட்டாசிச் சாயங்காலம். புத்தர் நெற்றியில் விபூதிப் பட்டை, கழுத்தில் செவ்வந்தி மாலை. முன்னால் ஒரு ஆயா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தமிழாசிரியை அவரிடம் பரிநிர்வாணம், அவலோகிதர் எல்லாம் விளக்கினார். ஆயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எந்த ஊரும்மா நீங்க?” என்றார்.

“கடலூர், ஆயா.”

“அவ்வளவு தூரத்துலேர்ந்தா வர்றீங்க? சரி, போறப்போ கேட்டைச் சாத்திட்டுப் போங்க, ஆடு உள்ள வந்து மாலையைத் தின்னுடும்.”